கேள்விக்கும் பதிலுக்கும் இடையில்

(நூற்றாண்டு விழா வாரத்தில், உயர்தரம் முடித்து வெளியேறும் மாணவிகளுக்கும் பழைய மாணவிகளுக்குமாகப் பிரார்த்தனை மண்டபத்தில் நடைபெற்ற தொழில் வழிகாட்டல் அமர்வில், மாதிரி நேர்முகப் பரீட்சைக் குழுவினர் ஆற்றிய உரை)



நாங்கள் ஐந்து பேர். ஒருவர் வங்கியில் வேலை செய்கிறார். ஒருவர் பிரதேச செயலகத்தில். ஒருவர் தாதிய உத்தியோகத்தர். ஒருவர் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில், ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருக்கிறார். ஐந்தாமவர் ரொறன்ரோவில் இருந்தபடி திரை வழியாக எங்களோடு சேருகிறவர். இந்த உரையை ஐந்து பேரும் சேர்ந்துதான் எழுதினோம். மேடைக்கு ஒருவரை அனுப்பியிருக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே இதில் வரும் 'நாங்கள்' என்பது மரியாதைக்காகச் சொல்லப்படுவதல்ல, உண்மையாகவே நாங்கள்தான்.

ஒரு வருடமாக, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மனையியல் அறையில் மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்தி வருகிறோம். தையல் மேசை ஒன்றை நடுவில் இழுத்துப் போட்டு, ஒரு பக்கம் மூன்று கதிரை, மறுபக்கம் ஒரு கதிரை வைத்தால் பரீட்சை மண்டபம் தயார். விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது, நேர்முகப் பரீட்சைக்குத் தயாராவது எப்படி என்று பேசும்படிதான். என்ன உடுப்பது, சான்றிதழ்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது, எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடுவது என்பவற்றை ஒரு தாளில் அச்சிட்டு வாசலில் வைத்திருக்கிறோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பேச நாங்கள் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று. அது மௌனம். கேள்வி கேட்கப்பட்ட பிறகு, பதில் வருவதற்கு முன்னர், அந்த அறையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் மௌனம்.

ஏன் இதை எடுத்தோம் என்றால், அந்தத் தையல் மேசையில் நாங்கள் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான். எங்கள் பிள்ளைகள் வடிவாக உடுத்து வருகிறார்கள். கோவையில் சான்றிதழ்கள் ஒழுங்காக இருக்கின்றன. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற முதற் கேள்விக்கு மனனம் செய்த பதில் தடங்கலின்றி வருகிறது. இரண்டாவது கேள்வி கொஞ்சம் விலகி வந்தவுடன் சத்தம் நின்றுவிடுகிறது. சிலர் குனிந்து மேசையைப் பார்க்கிறார்கள். சிலர் "சொறி சேர்" என்கிறார்கள். எங்கள் மூவரில் ஒருவர்கூட சேர் இல்லை! இன்னும் சிலர் அந்த மௌனம் வந்துவிடுமோ என்ற பயத்தில், கேள்வி முடிய முன்னரே பதிலைத் தொடங்கி, கேள்வியைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கிறார்கள். குனிகிறவரும் ஓடுகிறவரும் ஒரே விடயத்துக்குத்தான் பயப்படுகிறார்கள்.

இந்தப் பயத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு, இந்தப் பாடசாலைக்கும் பங்கு உண்டு. ஆசிரியைகள் கோபிக்கக்கூடாது. இதே மண்டபத்தில் வரிசையாக நின்று, வாயில் விரல் வைத்து, காலைப் பிரார்த்தனைக்குக் காத்திருந்தவர்கள் நாம். சத்தம் போடாத பிள்ளை நல்ல பிள்ளை. கேட்டால் மட்டும் பதில், அதுவும் எழுந்து நின்று, சரியான பதிலாக இருந்தால் மட்டும். தெரியாவிட்டால் நின்றபடி நிற்க வேண்டும். கேள்வி பக்கத்து வாங்குக்குப் போய்விடும். திருக்குறளில் அவையறிதலும் அவையஞ்சாமையும் அடுத்தடுத்த அதிகாரங்கள். தமிழ்த் தினப் போட்டிக்காக இரண்டையும் மனனம் செய்தோம். அவையை அறியும் பாடம் எங்களுக்கு நன்றாகவே பிடிபட்டது. அஞ்சாமைதான் பிந்தி வந்தது.

பதின்மூன்று வருடம் பழகிய இந்த மௌனத்தை நேர்முகப் பரீட்சை அறைக்குள் கொண்டுபோனால், அங்கே அதற்கு வேறு பொருள் கொடுக்கிறார்கள். வகுப்பில் அது மரியாதை. அங்கே அது தெரியாமை. இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனை பிள்ளைகள் விழுந்திருப்பார்கள் என்று நாங்கள் யோசித்ததுண்டு.

இனி, அந்த மௌனம் உண்மையில் எவ்வளவு நீளம் என்று பார்ப்போம். மனிதர்கள் கதைக்கும்போது ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் விடுகிறார்கள் என்பதை, பத்து மொழிகளில் அளந்து 2009இல் வெளியிட்டார்கள். அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். சராசரி இடைவெளி ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு. யப்பானிய மொழி பேசுவோர் ஆக விரைவு, டேனிஷ் மொழி பேசுவோர் ஆகத் தாமதம். ஆனாலும் அந்தத் தாமதமும் அரைச் செக்கனை எட்டவில்லை. ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், அந்த ஒரு சொல் வாயில் வருவதற்கே அரைச் செக்கனுக்கு மேல் எடுக்கும். அப்படியானால் நாம் எப்படி இவ்வளவு விரைவாகப் பதில் சொல்கிறோம்? மற்றவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் பதிலை உள்ளே ஆயத்தப்படுத்தத் தொடங்கிவிடுகிறோம்.

தாய்மொழியில் இது கஷ்டமில்லை. கேள்வி ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்தால் என்ன நடக்கிறது? முழுக் கவனமும் விளங்கிக்கொள்வதற்கே போய்விடுகிறது. கேள்வி முடிந்த பிறகுதான் பதிலைத் தேடத் தொடங்குகிறோம். தமிழில் பதில் கிடைக்கும். அதை மற்ற மொழிக்கு மாற்ற வேண்டும். பிறகு இலக்கணம் சரியா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மூன்று, நான்கு செக்கன் பிடிக்கும். அது அறிவுக் குறைவு அல்ல. ஒரு வேலையைச் செய்வதற்கான நேரம். ஆனால் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவருக்கு ஒரு செக்கன் தாண்டினாலே ஏதோ பிழை என்று தோன்றத் தொடங்கிவிடும்.

இங்கே நாங்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் எங்களில் ஒருவர் கொழும்பில் ஒரு நேர்முகக் குழுவில் மூவரில் ஒருவராக இருந்தார். பயிலுநர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வரிசையில் இன்னும் ஆறேழு பேர் வெளியே இருக்கிறார்கள். ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தா. "உங்களைவிட வயதில் மூத்த ஒருவரோடு நீங்கள் உடன்படாத சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேள்வி. கேட்டது எங்கள் ஆள்தான். பிள்ளை மேசையைப் பார்த்தா. இரண்டு செக்கனோ மூன்று செக்கனோ. அந்தப் பிள்ளைக்கு உதவி செய்கிறோம் என்ற நினைப்பில், "பரவாயில்லை, அடுத்த கேள்விக்குப் போவோம்" என்று எங்கள் ஆள் சொன்னார். அதற்குப் பிறகு வந்த எந்தக் கேள்விக்கும் அந்தப் பிள்ளையிடமிருந்து முழு வசனம் வரவில்லை. புள்ளித்தாளில் தொடர்பாடல் திறனுக்கு ஆகக் குறைந்த புள்ளி போடப்பட்டது. கோவையை மூடும்போதுதான் பாடசாலையின் பெயர் கண்ணில் பட்டது. எங்கள் பாடசாலை.

பாடசாலையின் பெயருக்காகப் புள்ளி போட முடியாது, போடவும் கூடாது. அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் அந்தப் பிள்ளை எங்கள் ஆளைத் தேடி வந்தா. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னா: "அக்கா, அண்டைக்கு எனக்குப் பதில் இருந்தது. சொல்லுறதுக்கிடையில நீங்கள் அடுத்த கேள்விக்குப் போயிட்டீங்கள்."

என்ன பதில் என்று கேட்டோம். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை அவ ஊரில் ஒரு கூட்டுறவுக் கடையில் கணக்கு எழுதினவ. பொறுப்பாக இருந்த ஐயா வயதானவர். இருப்பை நினைவிலேயே வைத்திருந்தார். பால்மாப் பெட்டிகள் காலாவதியாகி ஒதுக்கப்படுவதை இவ கவனித்தா. ஐயாவிடம் சொன்னபோது, "எனக்குத் தெரியாததா பிள்ளை?" என்றார். இவ எதிர்த்துப் பேசவில்லை. ஒரு கொப்பி வாங்கி, ஒரு மாதம் முழுக்க எந்தப் பெட்டி எப்போது வந்தது, எப்போது முடிகிறது என்று எழுதி, மாத முடிவில் அவரிடம் கொடுத்தா. அடுத்த மாதத்திலிருந்து அந்தக் கொப்பியை ஐயாவே எழுதத் தொடங்கினாராம்.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்ன பதில்களில் இதைவிடச் சிறந்த பதில் ஒன்றும் இருக்கவில்லை. அந்த இரண்டு மூன்று செக்கனில் அவ மேசையைப் பார்த்துக்கொண்டு யோசித்தது, ஐயாவைப் பற்றி வெளியாட்களிடம் குறையாகச் சொல்வது சரியா என்று. இப்படி ஒரு கேள்வியை இந்தப் பாடசாலையில் யாரும் அவவிடம் கேட்டதில்லை. எங்களிடமும் கேட்டதில்லை. அதை அறியக்கூடிய ஒரே ஆள் அன்று அந்த மேசையில் இருந்தார், அவர்தான் அவசரப்பட்டார். அந்த வேலை அவவுக்குக் கிடைக்கவில்லை. பிறகு வேறோர் இடத்தில் சேர்ந்து நன்றாக இருக்கிறா. இதை இங்கே சொல்ல அவவிடம் அனுமதி கேட்டோம். "பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கோ, பால்மாவைக் கட்டாயம் சொல்லுங்கோ" என்றா.

அந்தத் தேநீர்க் கோப்பையிலிருந்து தொடங்கியதுதான் மனையியல் அறை. அங்கே நாங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டதை இனிச் சொல்கிறோம்.

முதலாவது, மௌனத்துக்குள் விழுந்தவுடன் அது எந்த மௌனம் என்று பாருங்கள். மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கேள்வி விளங்கவில்லை. அல்லது விளங்கியது, பதிலைச் சேர்க்க நேரம் வேண்டும். அல்லது பதில் தெரியாது. மூன்றுக்கும் மூன்று வசனங்கள் இருக்கின்றன. விளங்கவில்லை என்றால், "நீங்கள் கேட்பது இதைத்தானா?" என்று உங்களுக்கு விளங்கியதைச் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "விளங்கவில்லை" என்பதைவிட இது நல்லது. பாதி விளங்கியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். நேரம் வேண்டும் என்றால், "கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரியாது என்றால், "இது எனக்குத் தெரியாது. இதற்குக் கிட்டவாக எனக்குத் தெரிந்தது இது" என்று சொல்லி, அதைச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்துங்கள்.

இவற்றில் நடுவில் உள்ள வசனம்தான் ஆக முக்கியம். அந்த ஒரு வசனம் சொல்லப்பட்டுவிட்டால் மௌனத்தின் பொருள் மாறிவிடுகிறது. சொல்வதற்கு முன்னர் நீங்கள் தடுமாறுகிறீர்கள் என்று நினைத்தவர்கள், சொன்ன பிறகு நீங்கள் யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறார்கள். இதை மூன்று மொழியிலும் நாக்கில் வைத்திருங்கள். சிங்களத்தில் "பொட்டக் ஹிதலா கியன்னம் சேர்". ஆங்கிலத்தில் "லெட் மீ திங்க் ஃபோர் எ மோமென்ட்". வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். அந்த நேரத்தில் தேடி எடுக்கிற வசனமாக அது இருக்கக்கூடாது. கையெழுத்துப் போல வர வேண்டும்.

எவ்வளவு நேரம் எடுக்கலாம்? எங்கள் அனுபவத்தில், இரண்டு மூச்சு. மணிக்கூட்டில் பார்த்தால் ஐந்தாறு செக்கன். உள்ளே இருப்பவருக்கு அது ஐந்து நிமிடம் போலத் தெரியும். இதை நம்பாத பிள்ளைகளை நாங்கள் எதிரே உட்கார வைத்து, மற்றவர் யோசிப்பதைப் பார்க்கச் சொல்கிறோம். "இவ்வளவுதானா?" என்று சிரிக்கிறார்கள். பத்துச் செக்கனுக்கு மேல் போகிறது என்றால் தொடங்கிவிடுங்கள். தொடக்கமாகக் கேள்வியையே உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லலாம். குனிய வேண்டாம். மேசைக்கு மேலே எதையாவது, எதிரில் இருப்பவரின் பேனாவையாவது, பார்த்துக்கொண்டு யோசியுங்கள். குனிந்த தலையைப் பார்த்தால் கேள்வி கேட்டவருக்கு இரக்கம் வரும். இரக்கம் வந்தால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அதைத்தான் நாங்கள் செய்தோம்.

இரண்டாவது மௌனம் எதிர்ப்பக்கத்தில் இருந்து வருவது. நீங்கள் பதில் சொல்லி முடித்துவிட்டீர்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இங்கேதான் கெட்டிக்காரப் பிள்ளைகள் விழுகிறார்கள். பதில் போதவில்லையோ என்று நினைத்து, சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள், பிறகு அதைத் திருத்துகிறார்கள், கடைசியில் மறுக்கிறார்கள்.

எதிர்ப்பக்கம் ஏன் பேசாமல் இருக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும். அரசாங்க வேலைகளுக்கான வர்த்தமானி அறிவித்தல்களைப் பார்த்திருப்பீர்கள். பொது நேர்முகப் பரீட்சை என்று ஒன்று இருக்கும். அதற்குப் புள்ளி இல்லை, தகைமைகளைச் சரிபார்ப்பதற்கானது. அங்கே அவர்கள் பேசாமல் இருக்கிறார்கள் என்றால் உங்கள் பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைப் பார்க்கிறார்கள். சும்மா இருங்கள். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை என்றால் விடயத்துக்கு இவ்வளவு என்று புள்ளித்திட்டம் இருக்கும். பதில் முடிந்ததும் அவர்கள் குனிந்து அந்தத் தாளில் எழுதுவார்கள். எங்கள் வங்கிக்காரி சொல்வது போல, அந்த நேரத்தில் அவர்கள் உங்களுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் இடைஞ்சல் கொடுக்கிறீர்கள்?

தனியார் நிறுவனங்களில் சிலர் வேண்டுமென்றே பேசாமல் இருந்து பார்ப்பதும் உண்டு. நல்ல பழக்கம் என்று நாங்கள் சொல்லமாட்டோம், ஆனால் உண்டு. எழுதுகிறார்களோ, பார்க்கிறார்களோ, உங்களுக்குச் செய்ய இருப்பது ஒன்றுதான். பதில் முடிந்தால் முடிந்தது. மௌனம் நீண்டால், "இன்னும் விபரம் வேண்டுமா?" என்று ஒருமுறை கேட்கலாம்.

சம்பளம் பற்றிய கேள்வியில் இது காசு. எங்களில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். யோசித்து வைத்திருந்த தொகையைச் சொன்னார். எதிரில் இருந்தவர் எதையோ எழுதினார், நிமிரவில்லை. எங்கள் ஆளால் பொறுக்க முடியவில்லை. "குறைச்சாலும் பரவாயில்லை" என்றார். உடனே நிமிர்ந்தார்! குறைத்தே கொடுத்தார்கள். பிறகு உள்ளே போய்ச் சேர்ந்து பழகிய காலத்தில் தெரிந்தது, அந்த மனிதர் அன்று முதலில் சொன்ன தொகையைத்தான் எழுதிக்கொண்டிருந்தார் என்று. அந்த இரண்டு சொல்லின் விலையை எங்கள் ஆள் மாதாமாதம் கட்டினார். தொகையைச் சொன்னால் அதன் பிறகு வாயை மூடுங்கள். வாயில் விரல் வைத்து நின்ற பழக்கத்துக்கு உண்மையான தேவை வருகிற இடம் அதுதான்.

மூன்றாவது மௌனம், கேள்வி எங்களைச் சுடும்போது வருவது. பெண்பிள்ளைகளிடம் இன்னும் கேட்கிறார்கள்: கலியாணம் எப்போது, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள், இரவு வேலைக்கு வீட்டில் விடுவார்களா? இதற்குச் சிரித்து மழுப்புகிறவர்களும் உண்டு, வீட்டு விபரம் முழுவதையும் ஒப்புவிக்கிறவர்களும் உண்டு. இரண்டு மூச்சு எடுங்கள். கேள்விக்கு அடியில் வேலை பற்றிய கேள்வி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: "இந்த வேலையின் நேரங்கள் எனக்குத் தெரியும். என்னால் வர முடியும்." அவ்வளவுடன் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு வரும் மௌனம் உங்களுடையதல்ல, கேட்டவருடையது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பாடசாலையில் படித்த சில பிரிவினரின் சுயவிபரத்தில் ஒரு வருடம் விடுபட்டிருக்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி நடந்த இடப்பெயர்வை இங்கே இருப்பவர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. எங்கள் தாதிய சகோதரியிடம் பின்னொரு காலத்தில், தெற்கில் ஒரு நேர்முகக் குழு கேட்டது: "உயர்தரம் எழுத ஏன் ஒரு வருடம் பிந்தியது?" கேட்டவர் கெட்டவர் அல்லர். திகதிகளைப் பார்த்தார், கேட்டார். எங்கள் சகோதரிக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த இரவின் மழையும் செம்மணி வீதியும் ஆச்சியும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன என்று சொல்வார். அழுதுவிடுவேன் என்று பயந்தாராம். மேசையில் இருந்த தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு இரண்டு வசனம் சொன்னார்: "அந்த வருடம் நாங்கள் இடம்பெயர்ந்திருந்தோம். திரும்பி வந்து அடுத்த வருடம் எழுதிச் சித்தியடைந்தேன்." அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. குழுவும் பேசவில்லை. நடுவில் இருந்த அம்மையார் தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

எல்லாவற்றையும் சொல்லும் கடமை ஒரு நேர்முகப் பரீட்சையில் யாருக்கும் இல்லை. உண்மையாக இரண்டு வசனம் போதும். மிச்சத்தை வைத்துக்கொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு. தண்ணீர் கேட்கும் உரிமையும் உண்டு.

வெளிநாடுகளிலும் கொழும்பிலும் இப்போது முதற்சுற்று பெரும்பாலும் திரையிலேயே நடக்கிறது. அங்கே மௌனத்துக்கு இன்னொரு சிக்கல். இணைப்புத் தாமதத்தால் நீங்கள் விட்ட ஒரு செக்கன் அவர்களுக்கு இரண்டாகக் கேட்கும். யோசிக்கிறீர்களா, இணைப்பு அறுந்துவிட்டதா என்று அவர்களுக்குத் தெரியாது. ஆகவே திரையில் "யோசித்துச் சொல்கிறேன்" என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கொஞ்சம் அசையவும் செய்யுங்கள். அவர்கள் பேசி முடித்ததும் ஒரு மூச்சு விட்டுத் தொடங்கினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டுப்படுவதும் குறையும்.

தங்கைமாருக்குச் சொல்ல இருந்தது இவ்வளவுதான். மிச்சம் அக்காமாருக்கு.

இந்த மண்டபத்திலும், இந்த மலரை வாசிக்கப்போகும் தூர தேசங்களிலும், மேசையின் மறுபக்கத்தில் உட்காருகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். அதிபர்கள், வைத்தியர்கள், முகாமையாளர்கள், விரிவுரையாளர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார். அதற்குள் பதில் வராவிட்டால் தானே பேசிவிடுகிறார். அதை மூன்று செக்கனாகக் கூட்டச் சொன்னபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பதிலே சொல்லாத பிள்ளைகள் குறைந்தார்கள். மற்ற நேரம் வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். கேள்வி மாறவில்லை, பிள்ளைகள் மாறவில்லை. கேட்டவர் பொறுத்திருந்தார்.

நேர்முகக் குழுவில் உட்காரும்போது, கேள்வி கேட்ட பிறகு மேசைக்குக் கீழே விரல்களை மடித்து ஐந்து வரை எண்ணுங்கள். எங்கள் பிள்ளைக்காக மட்டுமல்ல. பதுளையில் இருந்து வரும் பிள்ளைக்காகவும், மொனராகலையில் இருந்து வந்து ஆங்கிலத்தில் தடுமாறும் சிங்களப் பிள்ளைக்காகவும் எண்ணுங்கள். யாருக்கும் கூடுதலாகப் புள்ளி போடச் சொல்லவில்லை. பதிலைக் கேட்ட பிறகு புள்ளி போடச் சொல்கிறோம். எங்கள் ஆள் அன்று ஐந்து வரை எண்ணியிருந்தால் பால்மாக் கதையைக் கேட்டிருப்பார்.

மனையியல் அறை மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும். பதிவு ஒன்றும் தேவையில்லை, சான்றிதழ் கோவையோடு வந்தால் போதும். சிங்களத்தில் கேள்வி கேட்கக்கூடிய அக்காமார் இருவர் எங்களுக்கு உடனடியாகத் தேவை. முடிந்தவர்கள் உரை முடிந்ததும் எங்களைச் சந்தியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் திரை வழியாக ஒரு மணித்தியாலம் தந்தால் பெரிய உதவி.

அங்கே வந்தால் வாசல் பக்கமாக, கையில் மணிக்கூட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்கப்பட்டதும் அதை அழுத்துவார். ஐந்து செக்கன் ஆகும்வரை எங்களில் யாரையும் வாய் திறக்க விடமாட்டார். அக்காமார் என்றும் பாரார். அவர்தான் எங்கள் பால்மாக்காரி.